கிணற்றடிப் பூஸ்ரர்

அன்ரனாவைப் பற்றி முருகேசுவிடம் ஒரேயொரு கொள்கைதான் இருந்தது. உயரம் கூடினால் படம் கூடும். மார்கழிக் காற்றில் அவருடைய அக்கா இரத்தினம்மாவின் வீட்டு முகட்டோடு கட்டியிருந்த மூங்கில் முறிந்து, அன்ரனா மாமரத்துக்குள் வௌவாலைப்போலத் தொங்கியபோது, அந்தக் கொள்கையை நிலைநாட்ட அவருக்கு நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. நெடிய கமுகமரமொன்றைத் தறிப்பித்து, தன்னுடைய லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுன்னாகச் சந்தை வழியாக எல்லாரும் பார்க்க வந்து சேர்ந்தார்.

"வீட்டோடை கட்டினா மாமரம் மறைக்குமக்கா. கிணத்தடி வெட்டவெளி. உதிலை நட்டா கொடைக்கானல் மலையே இஞ்சை வந்து நிக்கும்."

"மலை வேண்டாமடா. வெள்ளிக்கிழமைப் பாட்டு வந்தாக் காணும்," என்றாள் இரத்தினம்மா.

கிணறு வளவின் பின்கோடியில் இருந்தது. துலா இருந்த காலத்தில் அதைத் தாங்கிய ஆடுகால், தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தபின் வேலையில்லாமல் நின்றது. முருகேசு கமுகை அதோடு நிறுத்தி, திருப்பினால் திரும்பும்படி இரண்டு கயிற்று வளையங்கள் போட்டுக் கட்டினார். உச்சியில் அன்ரனா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து, கடலுக்கு அப்பால், தொலைக்காட்சிக் கோபுரம் நின்ற கொடைக்கானல் மலையைப் பார்த்தது. வயர்தான் போதவில்லை. இருந்த துண்டுகளை ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி, மாட்டுக்கொட்டிலைச் சுற்றி, குசினிக் கூரையோடு ஊர விட்டு, விறாந்தையைக் கடந்து, ஒருவழியாக ஹோலுக்குள் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டியில் செருகினார்.

படம் வந்தது. முன்பு மூங்கிலில் வந்த படத்தைவிட மோசமாக வந்தது. நுளம்பு மொய்த்ததுபோலத் திரை முழுவதும் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஆரோ நின்று கதைப்பது தெரிந்தது. ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை.

முருகேசு தளரவில்லை. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒரு பூஸ்ரரோடு வந்தார். சவர்க்காரப் பெட்டியளவு சாமான். முன்பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு லைற். இரத்தினம்மா பின்னி வைத்திருந்த வெள்ளைத் துணியைத் தொலைக்காட்சிக்கு மேல் விரித்து, அதன் நடுவில் பூஸ்ரரை வைத்தார். அந்த வட்டாரத்தில் பூஸ்ரர் வைத்திருந்த எல்லாரும் அதை அங்கேதான் வைத்திருந்தார்கள். வேறெங்காவது வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சிவப்பு லைற் எப்படித் தெரியும்?

பூஸ்ரரைப் போட்டதும் திரை பளீரென்றது. ஆனால் கொழுத்தது படமல்ல, நுளம்புதான்.

"பாத்தியே, எவ்வளவு வெளிச்சம்!" என்றார் முருகேசு.

அக்காவின் மகள் குணலட்சுமி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். அவள் அப்போதுதான் சுன்னாகத்தில் றேடியோ, தொலைக்காட்சி திருத்தும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் அவளைத் தவிர எல்லாரும் பெடியங்கள். தியாகராசா மாஸ்ரர் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் மறுபடி ஒழுங்காக எழுதி, தனக்கு விளங்கியது சரிதானா என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பாள். 'பூஸ்ரர் வருகிற அலையைப் பெருப்பிக்கும்' என்று எழுதியிருந்தாள். அதற்கும் கேள்விக்குறிதான். மாமா சொன்னது பிழை என்று நெஞ்சு சொன்னது. ஏன் பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியாதே என்று வாய் மூடிக்கொண்டது.

ஹோலின் மூலையில், சாய்மனைக் கதிரையில், அவளுடைய தகப்பனார் அருளம்பலம் புள்ளிகளைப் பார்த்தபடி இருந்தார்.

அருளம்பலத்தாருக்குக் காது கேட்பதில்லை. இளமை முழுவதும் ஒரு நெல்லு மில்லில் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றவர். மில் அரிசியோடு சேர்த்து அவருடைய காதையும் அரைத்துவிட்டது. பிறகு வெங்காயத் தோட்டத்தோடு இருந்துவிட்டார். வீட்டில் எல்லாரும் அவரோடு கத்திக் கதைத்தார்கள். கத்தியும் விளங்காதபோது, 'சரி, ஒண்டுமில்லை' என்று கையை விசுக்கிவிட்டுப் போனார்கள். குணமும் அப்படித்தான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் போய், காதுக்கு மேல் குனிந்து, "ஐயா! சம்பல் வேணுமோ?" என்று கத்துவாள். அவர் திடுக்கிட்டு, "ஆர் செத்தது?" என்பார்.

ஆனாலும் மூங்கில் முறியும்வரை அவர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். இரவுச் சாப்பாட்டில், ஆரும் கேட்காமலே, எங்கே புயல் வருகிறதாம், எந்த ஊரில் ரயில் தடம் புரண்டதாம் என்று உலகத்துப் புதினமெல்லாம் சொல்லுவார். சந்தையில் பேப்பர் பார்த்துவிட்டு வருகிறாராக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். கமுகு நட்ட பிறகு அந்தப் புதினங்கள் நின்றுபோயின. தோட்டத்தால் வருவார், குளிப்பார், வந்து புள்ளிகளுக்கு முன்னால் இருப்பார். கேட்டதற்குத் தலையாட்டுவார். வாயே திறப்பதில்லை.

அந்த மௌனத்தைப் பார்க்கப் பார்க்க இரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெட்டிக்கு முன்னாலை பிள்ளையார் மாதிரி இருக்கிறதைப் பார். படமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மருதனார்மடத்திலை தங்கச்சி பூரணத்தின்ரை பக்கம் நல்லாப் படம் தெரியுதாம், அவளிட்டைப் பெட்டி இல்லை. உதைத் தூக்கி அவளிட்டைக் குடுத்தா அவளின்ரை பிள்ளையளாவது பாக்குங்கள். முருகேசு வெள்ளிக்கிழமை வண்டியோடை வாறன் எண்டவன்."

"ஐயாவைக் கேட்டனியே அம்மா?"

"கேட்டா? நான் கேட்டா அந்தாளுக்கு என்ன கேக்கப்போகுது?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. குணம் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். மாஸ்ரரிடம் இன்னொரு பூஸ்ரரை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்று போதவில்லை என்றால் இரண்டு போட்டால் சரிவரும் என்பது அவளுடைய கணக்கு. முதலாவதற்குப் பின்னால் இரண்டாவதைச் செருகிச் சுவிச்சைப் போட்டாள்.

திரை பாம்புபோல நெளிந்தது. கோடுகள் சாய்ந்து சாய்ந்து ஓடின. புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த அந்த ஆரோவும் அடியோடு காணாமற் போனார். பெட்டி உறுமியது.

குசினிக்குள்ளிருந்து தாய் கேட்டாள். "என்னடி செய்தனீ? இருந்ததும் போச்சோ?"

குணம் இரண்டாவதைக் கழற்றினாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்த்தாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையை மெல்ல அசைத்தார், பரவாயில்லை என்பதுபோல. அது அவளுக்கு ஏச்சைவிடக் கூடுதலாக நொந்தது.

*

பங்குனி மாதம். அடுத்த நாள் பின்னேரம் ஓரிலைகூட அசையாமல் புழுங்கியது. கடலும் எண்ணெய்போலக் கிடந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாள்களில் கொடைக்கானல் தானாகவே கிட்ட வந்துவிடும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று மாஸ்ரர் இன்னும் படிப்பிக்கவில்லை.

இரத்தினம்மாவுக்குத் தலையிடி. "உந்த இரைச்சலை நிப்பாட்டு பிள்ளை," என்றாள். குணம் பெட்டியின் சத்தத் திருகை முழுவதும் குறைத்துவிட்டு, வகுப்பில் தந்த வேலையோடு மேசையில் இருந்தாள். சிறிது நேரத்தில் திரையிலிருந்து ஒருவித அமைதியான வெளிச்சம் வருவதை உணர்ந்து நிமிர்ந்தாள். புள்ளிகள் வடிந்திருந்தன. செய்தி வாசிக்கிற பெண் தெளிவாக இருந்தாள். தலையில் பூ, காதில் தோடு, நேரே இவர்களைப் பார்த்த முகம், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி உச்சரிக்கிற வாய்.

அருளம்பலத்தார் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். அவருடைய உதடுகள் அந்தப் பெண்ணின் உதடுகளோடு சேர்ந்து மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"தூத்துக்குடியிலை உப்பளத்துக்குள்ளை மழை வெள்ளமாம்," என்றார், மில்லில் நின்ற காலத்துக் குரலில். "பங்குனியிலை மழை! எங்கடை வெங்காயத்துக்கும் வருமோ தெரியாது."

குணம் எழுந்துபோய்ச் சத்தத் திருகைத் தொட்டுப் பார்த்தாள். அது அடியில்தான் இருந்தது. சந்தேகத்தில் இன்னொருமுறையும் தொட்டுப் பார்த்தாள்.

அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். இத்தனை நாளும் அவர் பெட்டியைக் கேட்கவில்லை. பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் அவருக்கு நேரே முகத்தைக் காட்டி, அவசரப்படாமல், கத்தாமல், ஒரு நாளும் கையை விசுக்காமல் கதைத்தது கடலுக்கு அப்பால் இருக்கிற அந்த ஒருத்திதான்.

சற்று நேரத்தில் காற்று எழும்பியது. புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்ளே வந்தன. பெண்ணின் கன்னம் போனது, கண் போனது, கடைசியாக வாய் போனது. தகப்பனார் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தார். பூட்டுப் போட்டதுபோல முகம் மூடிக்கொண்டது.

குணம் குசினிக்கு ஓடினாள். "அம்மா, ஐயாவுக்குச் சத்தம் கேக்கேல்லை. அவர் அந்தப் பெண்ணின்ரை வாயைப் பாத்துத்தான் விளங்கிறவர்."

இரத்தினம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு ஒதுக்கினாள். "ஓம், பாப்பார். வடிவான வாயெண்டா ஆர்தான் பாக்காயினம்?"

"பகிடி விடாதை அம்மா."

"நானோ பகிடி விடுறன்? ரீவியிலை வாற பெட்டை சொல்லுறது விளங்குது. கட்டின பெண்சாதி தொண்டை கிழியக் கத்துறன், அது விளங்கேல்லை. தேவையானதுதான் விளங்கும் அந்தாளுக்கு." அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அம்மா ஐயாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக் குணம் ஒருநாளும் கண்டதில்லை. அது கோபமல்ல. கலியாணம் செய்த நாள் தொட்டு வந்த மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று, 'இஞ்சாருங்கோ' என்று சுவருக்குச் சொல்லுவாள். காது கேட்ட காலத்தில் சுவர் அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் கேளாதவரான பிறகும் அம்மா கதவை விட்டு வெளியே வரவில்லை. சத்தத்தை மட்டும் கூட்டினாள்.

*

காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. ஐயா கிணற்றடியில் மிசினோடு நிற்க, குணம் மண்வெட்டியோடு தோட்டத்துக் கடைசிப் பாத்தியில் நின்றாள். செம்மண் வாய்க்கால். கிணற்றடியில் குதித்துக்கொண்டு விழுகிற தண்ணீரை வழியெல்லாம் மண் குடித்தது. இரண்டு இடத்தில் வரம்பு உடைந்து பக்கத்துக் காணிக்குள் ஒழுகியது. கடைசிப் பாத்திக்கு வந்தபோது அது தண்ணீரல்ல, சேறு. குணம் அதை மண்வெட்டியால் வாரி வாரிப் பாத்திக்குள் தள்ளிப் பார்த்தாள். வேகமாகத் தள்ளத் தள்ளச் சேறுதான் கூடியது.

மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே, கமுகின் உச்சியிலிருந்து அன்ரனா வயர் மாட்டுக்கொட்டில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணும் அதோடு போனது. கொட்டில், குசினி, விறாந்தை. முறுக்கின இடங்களில் கறுப்பு நாடா வெயிலுக்குப் பிரிந்து தொங்கியது.

"சேத்தை இறைச்சா சேறுதான் வரும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னவுடனே வழக்கம்போலச் சந்தேகமும் வந்தது.

அன்று பின்னேரம் வகுப்பு முடியும்வரை காத்திருந்து, மற்றவர்கள் போனபிறகு மாஸ்ரரிடம் போனாள். "மாஸ்ரர், ஒரு கேள்வி. பிழையெண்டாச் சிரிக்காதேங்கோ. அன்ரனாவிலை வாற அலை வயருக்குள்ளை வரவர மெலியுது. வந்து சேரேக்கை அது இரைச்சலோடை கலந்துபோச்சு. அதுக்குப் பிறகு பூஸ்ரர் போட்டா, அது ரெண்டையும் சேத்துத்தானே பெருப்பிக்கும்?"

"ஓம்."

"அப்ப... மெலிய முந்திப் பெருப்பிக்க வேணும். மேலை. அன்ரனாவுக்குப் பக்கத்திலை."

தியாகராசா மாஸ்ரர் சிரிக்கவில்லை. "நான் போன மாதம் சொன்னது உதைத்தான் பிள்ளை. நீ எழுதினனீ."

"எழுதினனான் மாஸ்ரர். கேள்விக்குறி போட்டு வைச்சிருக்கிறன்."

"சரி, இனி அதை அழி. ஆனா ஒண்டு. வீட்டுக் கரன்ற் மேலை போகக் கூடாது. மழைக்கு ஆள் சாகும். பூஸ்ரர்ப் பெட்டியைக் கழற்றினா ரெண்டு பாகம் இருக்கும். கரன்றைப் பன்னிரண்டு வோல்ற் ஆக்கிற பாகம் கீழை, வீட்டுக்குள்ளை இருக்கட்டும். மற்றப் பாகம் மட்டும் மேலை போகட்டும். ரெண்டுக்கும் நடுவிலை மெல்லிய வயர் ஒண்டு. பிளஸ், மைனஸ் மாறிப்போனா பூஸ்ரர் செத்துப்போம், கவனம்."

கடைசியாகச் சொன்னதுதான் குணத்தின் மனத்தில் நின்றது. அது மாமா கொழும்பிலிருந்து எடுப்பித்த பூஸ்ரர். எரிந்தால் மாமாவுக்கு என்ன சொல்வது? அதைவிட, ஐயா மறுபடியும் சிரித்துக் கையை அசைத்தால் என்ன செய்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தாள். முதலில் முறுக்கின இடங்களை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டினாள். புள்ளி ஒரு சொட்டுக் குறைந்தது. ஐயாவுக்கு அது போதாது. அடுத்த நாள் பூஸ்ரரைக் கழற்றி இரண்டாக்கினாள். பிளஸ்ஸுக்குச் சிவப்பு நூல் கட்டினாள். சரிதானா என்று மீற்றரால் பார்த்தாள். நூலைக் கழற்றி, மறுபடி மீற்றரால் பார்த்து, மறுபடி கட்டினாள். மேலே போகிற பாகத்தை ஒரு மாஜரின் டப்பாவுக்குள் வைத்து, தண்ணீர் வடிய அடியில் துளை போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினாள். சிவப்பு லைற்றும் உள்ளேதான் போனது.

*

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வெயில் தணிந்ததும் கிணற்றடிக்குப் போய், தகப்பனுக்கு முன்னால் நின்றாள். பின்னாலோ பக்கத்திலோ அல்ல. கத்தவும் இல்லை.

"ஐயா, உந்தக் கமுகைச் சரிக்க வேணும். பூஸ்ரரை மேலை வைக்கப்போறன். படம் வரும்." பிறகு உண்மையையும் சொன்னாள். "வருமெண்டு நினைக்கிறன்."

அவர் அவளுடைய முகத்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கயிற்று வளையங்களை அவிழ்த்தார்.

இரத்தினம்மாவும் வந்து ஒரு கயிற்றைப் பிடித்தாள். "முருகேசு வண்டியோடை வரப்போறான், நீங்கள் மரம் சரிச்சு விளையாடுறியள்," என்று முணுமுணுத்தாலும் கயிற்றை இறுக்கித்தான் பிடித்தாள். கமுகு சரிந்தது. குணம் டப்பாவை அன்ரனாவுக்குக் கீழே கட்டி, வயர்களைக் கொழுவி, மழைத்தண்ணீர் வயரோடு உள்ளே போகாதபடி ஒரு வளைவு விட்டாள். மூன்று பேருமாகக் கமுகை மறுபடி நிமிர்த்தினார்கள். ஐயா வளையங்களைப் போட்டார்.

குணம் வீட்டுக்குள் ஓடிச் சுவிச்சைப் போட்டாள். பெட்டியிலிருந்து பெரிய இரைச்சல் வந்தது. பூஸ்ரர் எரிந்துபோனதென்று சுவிச்சை அணைக்கப் போனாள். பிறகுதான், கமுகு நிமிரும்போது அன்ரனாவின் முகம் எங்கேயோ திரும்பியிருக்கும் என்று நினைவு வந்தது.

"அம்மா! குசினி வாசல்லை நில்லு. நான் சொல்லுறதை ஐயாவுக்குச் சொல்லு. வடக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லு!"

இரத்தினம்மா வாசலில் நின்று கத்தினாள். "இஞ்சாருங்கோ! வடக்காலையாம்!"

ஐயா கமுகைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடக்காலை! வடக்காலை எண்டுறன்!"

அவருக்கு ஏதோ சத்தம் வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. தெற்கே திருப்பினார். படத்தில் ஒரு நிழல் வந்து போனது.

"ஐயோ, அங்காலை இல்லை!" இரத்தினம்மா மாட்டுக்கொட்டில் வரை போய், கையை வாயில் குவித்துக் கத்தினாள். பக்கத்து வளவு நாய் குரைத்தது. ஐயா இன்னும் தெற்கே திருப்பினார். அவள் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவர் இன்னும் குழம்பினார்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஏன் என்று பார்க்கக் குணம் குசினி வாசலுக்கு வந்தாள்.

அம்மா கிணற்றடிக்கே போய்விட்டாள். கமுகின் அடியில், ஐயாவுக்கு நேர் முன்னால், ஒரு முழத் தூரத்தில் நின்றாள். ஏதோ சொன்னாள். ஐயா குனிந்து அவளுடைய வாயைப் பார்த்தார். அவருடைய மில்லுக் குரல் வாசல்வரை கேட்டது.

"வெத்திலையைத் துப்பிப்போட்டுச் சொல்லு. வாய் சும்மா குதப்பிக்கொண்டிருந்தா நான் எதைப் பாத்து விளங்கிறது?"

இரத்தினம்மா அப்படியே நின்றாள். இத்தனை வருடமும் அவளிடம் ஆரும் சொல்லாத ஒன்றைக் கேட்டதுபோல நின்றாள். பிறகு ஒதுக்கமாகப் போய் வெற்றிலையைத் துப்பி, வாளித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்பி வந்து நின்றாள். இந்த முறை கத்தவில்லை. என்ன சொன்னாள் என்று குணத்துக்குக் கேட்கவில்லை. அவருக்கு விளங்கியது. கமுகு மெல்ல வடக்கே திரும்பியது.

குணம் உள்ளே ஓடினாள். நிழல் ஆளானது. ஆள் முகமானது.

"காணும்! போதும்!"

அம்மா அதைக் கிணற்றடியில் நின்று ஐயாவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

*

முருகேசு வந்தபோது ஹோலுக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான படம் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் கொஞ்சம் புள்ளி இருந்தது. வாய் தெரிந்தது. அதுதான் தேவையாக இருந்தது.

லான்ட்மாஸ்ரரை நிப்பாட்டினால் மறுபடி ஸ்ரார்ட் எடுக்காது என்று, அதை வாசற் படலையடியில் டக்கு டக்கென்று இயங்க விட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார். வந்தவர் முதலில் பெட்டிக்கு மேலேதான் பார்த்தார்.

"பூஸ்ரர் எங்கை?"

குணம் கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் விறாந்தைக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பி வந்தார்.

"மாஜரின் டப்பாவுக்கையோ வைச்சிருக்கிறாய்? சிவப்பு லைற் இனி ஆருக்குத் தெரியும்? காகத்துக்கே?"

"படம் தெரியுது மாமா."

"படம் எல்லாற்றை வீட்டிலையும்தான் தெரியும் பிள்ளை!" பிறகு திரையைக் கூர்ந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான், உயரத்திலைதான் விசயம் எண்டு. பூஸ்ரரும் உயரத்துக்குப் போக வேணும். ஆனா இதுக்கு மேலை ஏத்திப்போடாதை, சந்தியிலை நிக்கிற ஆமிக்காரன் வயர்லெஸ் எண்டு நினைச்சு வந்திடுவான்."

குணம் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

படலையடியில் என்ஜின் கூடுதலாக இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரத்தினம்மா குசினிக் கதவடிக்கு வந்தாள். வழக்கமாக நிற்கிற இடத்தில், கதவுக்குப் பின்னால், கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வெளியே வந்து, முருகேசுவைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னக்கா? கேக்கேல்லை!"

மறுபடி சொன்னாள்.

"என்ன? வண்டிச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை!"

"பெட்டி போகாதாம். பூரணத்திட்டைச் சொல்லட்டாம்," என்றார் அருளம்பலத்தார் கதிரையிலிருந்தபடி. "உன்னைப் புட்டுத் திண்டிட்டுப் போகட்டாம்."

முருகேசு வாயைப் பிளந்தார். "அத்தான், உங்களுக்கோ கேட்டது?"

"மில்லிலை ஆரடாப்பா காதாலை கேட்டது?" என்றார் அவர். "அந்த இரைச்சலுக்கை எல்லாரும் ஆளின்ரை வாயைப் பாத்துத்தான் கதைச்சது. முகத்தைக் காட்டினாக் காணும்."

முருகேசு என்ஜினை நிப்பாட்டவோ விடவோ என்று யோசித்தபடி படலையடிக்குப் போனார். செய்தி தொடங்கிவிட்டது. குணம் வழக்கம்போல ஹோல் லைற்றை அணைத்துவிட்டு மேசையடியில் இருந்தாள். தலையில் பூ வைத்த பெண் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். அருளம்பலத்தார் கதிரையின் நுனிக்கு வந்தார்.

இரத்தினம்மா இன்னும் உள்ளே போகவில்லை. திரையிலிருந்த பெண்ணை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நேரே போய், தொலைக்காட்சிக்கு முன்னால், படத்தை முழுவதும் மறைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்தபடி நின்றாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஏதோ சொன்னாள்.

அவர் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, அவளைப் பார்த்தார். பெட்டியின் வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகம் இருட்டாகக் கிடந்தது. அவருக்கு வாய் தெரியவில்லை என்பது குணத்துக்கு விளங்கியது.

குணம் எழுந்து, ஹோல் லைற்றைப் போட்டாள்.